இரண்டு பெட்டியா, மூன்று பெட்டியா?

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் வால்யூம் குமிழைத் திருகும்போது கரகரவென்றது. அப்புறம், பாட்டு எதுவும் போடாவிட்டாலும் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். சித்திரை வெயிலில் அந்த முனகல் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் மகள் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது ஆசிரியரின் குரல் பாதியில் அறுந்து முனகல் மட்டும் மிஞ்சியது. ஒன்பது வருடம் உழைத்த செட். புதிது வாங்கிவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒதுக்க முடிந்த தொகை 3,000 ரூபாய்.

இந்தத் தொகைக்குக் கடையில் எதிரெதிரே நிற்பவை இரண்டு வகை. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று இரண்டே பெட்டி இருப்பது 2.0. அந்த இரண்டோடு, தரையில் வைக்க சப்-ஊஃபர் என்னும் பேஸ் பெட்டியும் சேர்ந்து வந்தால் 2.1. புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண் அந்தப் பேஸ் பெட்டியைக் குறிக்கிறது. மடிக்கணினியின் யுஎஸ்பி துளையிலேயே மின்சாரம் வாங்கிக்கொள்ளும் குட்டி ஜோடிகளும் உண்டு. பழைய யுஎஸ்பி 2.0 துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது இரண்டரை வாட். வகுப்பு கேட்கவும் செய்தி கேட்கவும் அது போதும். புளூடூத் ஸ்பீக்கரை நான் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். படம் பார்க்கும்போது உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போவதை என்னால் சகிக்க முடியாது.

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் ஒரு கடையில் ஏறி, இரண்டு பெட்டி செட்டைக் கையில் எடுத்தேன். கடைக்காரர் சிரித்தார்.

"சார், அதே ரேட்டுக்கு மூணு பெட்டி வருது. எதுக்கு ரெண்டு?"

காய்கறிக் கடையில் கொசுறாகக் கறிவேப்பிலை கிடைப்பதுபோல இங்கே ஒரு பெட்டியே கொசுறாக வருகிறது. ஆனால் அந்த மூன்றாவது பெட்டியின் மரம், காந்தம், கூம்பு எல்லாவற்றுக்குமான காசை யார் கொடுக்கிறார்கள்? மற்ற இரண்டு பெட்டிகள்தான். அவற்றின் கூம்பைச் சுருக்கி, மர உறைக்குப் பதில் பிளாஸ்டிக் உறை போட்டு மிச்சம் பிடித்த பணத்தில்தான் தரையில் அந்தப் பெட்டி வந்து உட்கார்கிறது. இந்த ஐயம் இருந்ததால் நான் இரண்டு பெட்டியையே வாங்கிக்கொண்டு வந்தேன். அதே மாதம் அடுத்த தெருவில் இருக்கும் மச்சான் ஏறக்குறைய அதே விலைக்கு மூன்று பெட்டி வாங்கினான். யார் வாங்கியது நல்லது என்று ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் வாக்குவாதம் முற்றியது. கடைசியில் இரண்டு செட்டையும் என் மேசையிலேயே ஒரு வாரம் வைத்துக் கேட்பது என்று முடிவானது.

என்னுடையதில் பெட்டிக்கு ஒரு 3 அங்குலக் கூம்பு, மர உறை, பக்கத்துக்கு 10 வாட். அவனுடையதில் மேசைமேல் 2 அங்குலக் கூம்புள்ள இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள், தரையில் 4 அங்குலக் கூம்புள்ள மரப்பெட்டி. கம்ப்யூட்டரின் பச்சை நிறத் துளையிலிருந்து ஒரு பிரிப்பு வயர் போட்டு இரண்டுக்கும் ஒரே ஒலியைக் கொடுத்தோம். ஒன்றைக் கேட்கும்போது மற்றதை அணைத்துவிடுவோம். இந்த மாதிரி ஒப்பிடுகையில் ஒரு பொறி உண்டு. இரண்டில் எது கொஞ்சம் சத்தமாக ஒலிக்கிறதோ அதுவே தரமானது என்று காது முடிவு கட்டிவிடும். கடைகளில் விற்க நினைக்கும் செட்டை ஒரு சுற்று தூக்கி வைப்பதன் சூட்சுமமும் அதுதான். அதனால் போனில் டெசிபல் அளக்கும் செயலியை வைத்து, நான் உட்காரும் இடத்தில் இரண்டின் சத்தமும் ஒன்றாக இருக்கும்படி முதலில் குமிழ்களைத் திருகி வைத்தோம்.

முதல் நாள் போட்டது ஒரு கச்சேரி. பாடகர் ஆண், சுருதி ஒரு கட்டை. மச்சான் செட்டில் ஆலாபனை ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருந்தது. கீழே இறங்க இறங்க ஏதோ மாறியது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவிதான் அதைச் சரியாகச் சொன்னாள்: "என்னங்க, இவர் குனிஞ்சு குனிஞ்சு பாடுற மாதிரி இருக்கே!"

கணக்கு அவள் பக்கம்தான். ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸ்தாயி சட்ஜம் சுமார் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98. ஆனால் 2 அங்குலக் கூம்பால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. சுருதி ஒரு ஸ்தாயி இறங்கினால், அதே சத்தத்தைத் தர கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். சிறிய கூம்புக்கு அந்த ஆட்டம் கிடையாது. அதனால் இந்த மலிவு செட்களைச் செய்பவர்கள் 150, 200 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் தரைப் பெட்டியிடம் தள்ளிவிடுகிறார்கள். நல்ல ஹோம் தியேட்டர்களில் இந்தக் கோடு வழக்கமாக 80 ஹெர்ட்ஸில் விழும். அவ்வளவு தாழ்ந்த ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. எனவே பெட்டியைச் சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாலும் குரல் திரையிலிருந்து வருவதுபோலவே இருக்கும். 150, 200-இல் அந்த ஏமாற்று நடக்காது. ஆண்களின் பேச்சுக் குரலின் அடி ஸ்வரமே 85-இலிருந்து 180 ஹெர்ட்ஸ் வரைதான். கோடு நேராகக் குரலின் நடுவே விழுகிறது. பாடகரின் வாய் மேசைமேல் இருக்கிறது, நெஞ்சு மேசைக்கடியில் என் பாதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பெண் குரலுக்கு இந்தக் கஷ்டம் மிகக் குறைவு. 5 கட்டையில் பாடுபவருக்குச் சட்ஜம் 196 ஹெர்ட்ஸ், மந்தர பஞ்சமமே 147. கிட்டத்தட்ட முழுப்பாட்டும் மேசைமேலேயே நின்றுவிடும். மச்சான் அவன் வீட்டில் முதலில் போட்டுப் பார்த்தது பெண் குரல் பாட்டு. அதனால்தான் குறை தெரியாமல் மகிழ்ந்திருக்கிறான்.

தனி ஆவர்த்தனம் வந்தபோது வேடிக்கை முற்றியது. மிருதங்கத்தில் வலந்தலை சுருதியோடு சேர்ந்து கணீரென்று ஒலிக்கும். ரவை பூசிய தொப்பி கீழ் ஸ்தாயியில் கும்கி கொடுக்கும். ஒரே கட்டை, ஒரே மடி, இரண்டு கை. மூன்று பெட்டி செட்டில் வலந்தலை மேசைமேல் இரண்டடி தூரத்திலும் தொப்பி மேசைக்கடியிலும் இருந்தன. மிருதங்கத்தை நடுவில் அறுத்து ஒரு பாதியைக் கீழே உருட்டிவிட்டதுபோல இருந்தது. இரண்டு பெட்டி செட்டில் தொப்பியின் கனம் குறைவு. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வாத்தியம் முழுசாக ஒரே இடத்தில் இருந்தது. வித்வானின் இரண்டு கையும் ஒரே உடம்பில் இருப்பது தெரிந்தது.

மூன்று பெட்டி ஜெயித்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை இரவு மகன் ஒரு சண்டைப் படம் போட்டான். கட்டடம் இடியும் காட்சியில் மேசை அதிர்ந்தது, தண்ணீர் டம்ளரில் வளையம் எழுந்தது. என் செட்டில் அதே காட்சி பக்கத்துத் தெருவில் யாரோ பீரோவை நகர்த்துவதுபோலக் கேட்டது. தவிலுக்கும் அப்படித்தான், பறைக்கும் அப்படித்தான். தாழ்ந்த அடி உடம்பில் விழ வேண்டும் என்றால் அதற்கான காற்றைத் தள்ளப் பெரிய கூம்பு வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இளையராஜா பாட்டுகளில் மட்டும் முடிவு நான் நினைத்ததற்கு நேர் எதிராக வந்தது. பேஸ் கிட்டாரை அவர்போல் பேச வைத்தவர் குறைவு. அதன் கனத்த தந்தி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அப்படியானால் அங்கே பேஸ் பெட்டிதானே ஜெயிக்க வேண்டும்? கனம் என்னவோ கிடைத்தது. ஆனால் ஸ்வரம் கிடைக்கவில்லை. மலிவான பேஸ் பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கும். அந்தத் துளையும் உள்ளே இருக்கும் காற்றும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட சுருதியில் பானை வாய்போல ஊளையிடும். எந்த ஸ்வரம் வந்தாலும் அந்த ஒரே 'டும்'முக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். கிட்டார் படியேறி இறங்கும் அழகு போய், ஒரே படியில் நின்று குதிப்பதுபோல் ஆகிவிடும். என் சிறிய பெட்டிகள் 41 ஹெர்ட்ஸைத் தொடவே இல்லை. ஆனால் ஒரு தந்தியின் ஒலியில் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஸ்வரங்களும் கலந்திருக்கும். அவற்றைக் கேட்டு மூளை அடி ஸ்வரத்தைத் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆகவே மெலிந்து கேட்டாலும், எந்த ஸ்வரத்துக்குப் போகிறது என்பது துல்லியமாகத் தெரிந்தது.

அறையின் பங்கும் இதில் உண்டு. எங்கள் கம்ப்யூட்டர் இருப்பது 10-க்கு 10 அறை. பத்தடி இடைவெளியில் எதிரெதிரே இருக்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி முட்டி முட்டித் தேங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு திசையிலும் அதே சுருதி தேங்கி, தொல்லை இரட்டிக்கும். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, மூலையில் பேஸ் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம். மூன்றாம் நாள் கீழ் வீட்டு அக்கா மேலே வந்து, "உங்க வீட்டுல மாவு மெஷின் எதுவும் ஓடுதா?" என்று கேட்டார். பாட்டு அவருக்குக் கேட்கவில்லை, 'டும் டும்' மட்டும் போயிருக்கிறது. தாழ்ந்த ஒலிக்குச் சுவர் ஒரு தடையே இல்லை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதை விலையோடு சேர்த்தே கணக்குப் பண்ண வேண்டும்.

அட்டைப் பெட்டிமேல் அச்சடித்த வாட் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரிச்சி தெருவில் ஒரு பெட்டியில் 4,000 வாட் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தது. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் 5 எச்.பி. மோட்டாரே 3,730 வாட்தான். அதையும் மிஞ்சிய ஒன்றைக் கைப்பிள்ளைபோலத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வரலாம் என்றால் நம்பலாமா? பி.எம்.பி.ஓ. என்பதற்கு உலகம் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. விற்பவர் மனம்போல் எழுதும் எண் அது. பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். என்ற கணக்கு. அதுவும் போடவில்லையென்றால் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருந்தால் உள்ளே போவதே 24 வாட். அதற்கு மேல் வெளியே வந்துகொண்டே இருக்க அது அட்சய பாத்திரம் அல்ல.

நேர்மையாக எண் போடும் செட்களில் பணம் எங்கே போகிறது என்பது கண்கூடாகத் தெரியும். லாஜிடெக்கின் இசட்313 என்ற மூன்று பெட்டி செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 25 வாட். அதில் 15 தரைப் பெட்டிக்கு, மேசைமேல் இருப்பவற்றுக்கு ஆளுக்கு 5. இதற்கு எதிர்ப்பக்கம் எடிஃபையரின் ஆர்1280டி என்ற இரண்டு பெட்டி செட். அதில் பெட்டிக்கு ஒரு 4 அங்குலக் கூம்பும், உச்ச ஒலிகளுக்கென 13 மில்லிமீட்டர் ட்வீட்டரும், மொத்தம் 42 வாட்டும். ஆனால் அதன் விலை என் 3,000-ஐத் தாண்டி வெகுதூரம் போய்விடுகிறது. இன்னொரு கோடியில் கிரியேட்டிவ் பெப்பிள். யுஎஸ்பி மின்சாரத்தில் 4.4 வாட், 2 அங்குலக் கூம்பு, முகம் 45 பாகை மேல்நோக்கிச் சாய்ந்தது. அந்தச் சாய்வு சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் மேசையில் உட்கார்ந்து கேட்பவரின் காதுக்கு நேராக ஒலியை அனுப்புவது அதுதான்.

ஆர்.எம்.எஸ். எண்ணையும் ஓரளவுக்கு மேல் துரத்த வேண்டாம். 5 வாட்டை 10 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல், காதுக்கு அது ஒரு சின்னப் படி. இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட் வேண்டும். இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு வாட்டே வீட்டுக்குப் போதும். கூம்பின் அகலம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. 2 அங்குலத்தை 3 ஆக்கினால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. அந்தப் பரப்பு முழுக்கக் குரலுக்கே வேலை செய்கிறது.

குரலைச் சோதிக்க நான் வைத்திருக்கும் வழி செய்தி வாசிப்பு. ல, ள, ழ மூன்றும் பிரிந்து கேட்க வேண்டும். பேச்சின் தெளிவெல்லாம் பெரும்பாலும் 1,000-இலிருந்து 4,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகிறது. பழைய தொலைபேசி 300-இலிருந்து 3,400 வரைதான் கொண்டுவந்தது, அதை வைத்தே நாம் கல்யாணமும் பேசி முடித்தோம். அந்த வட்டாரத்தில் பிளாஸ்டிக் உறை தானும் சேர்ந்து அதிர்ந்து ஒரு மூக்குக் குரலைச் சேர்க்கும். மச்சான் செட்டில் செய்தி வாசிப்பவருக்குச் சளி பிடித்ததுபோல் இருந்தது. மகள் இரண்டு நாள் வகுப்பு கேட்டுவிட்டு எந்த விவாதமும் இல்லாமல் இரண்டு பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

என் செட்டுக்கும் ஒரு குறை இருந்தது. மேசைமேல் அப்படியே வைத்தால் குரல் மரப்பலகையில் பட்டுத் தெறித்துக் குழம்பியது. இரண்டு செங்கல்லைச் செய்தித்தாளில் சுற்றி அடியில் வைத்து, பெட்டிகளின் முகத்தைக் காதுக்கு நேராகத் திருப்பினேன். சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே தள்ளினேன். இரண்டு பெட்டிக்கு நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நாற்காலியைப் போட்டேன். அதற்குப் பிறகு பாடகர் இரண்டு பெட்டிக்கும் நடுவே, மானிட்டருக்குள்ளேயே உட்கார்ந்து பாடினார். செங்கல் மொட்டை மாடியில் கிடந்தது, செலவில்லை.

ஆக, மேசையில் உட்கார்ந்து குரலும் பாட்டும் பாடமும் கேட்பவர்கள் 3,000 ரூபாய்க்கு இரண்டு பெட்டியே வாங்கலாம், அதுவும் மர உறையும் 3 அங்குலக் கூம்பும் இருப்பதாகப் பார்த்து. மூன்று பெட்டி ஹாலுக்கு உரியது. பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி உட்கார்ந்து டி.வி.யில் படம் பார்ப்பவருக்கு, குரல் எந்தப் பெட்டியிலிருந்து வருகிறது என்ற பேதமெல்லாம் கரைந்துவிடும், இடி மட்டும் மிஞ்சும். மச்சான் இதை வாயால் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் திரும்ப எடுத்துப் போனதும் தன் செட்டை டி.வி. ஸ்டாண்டுக்குக் கீழேதான் வைத்தான்.

கடைசியாக அந்தப் பழைய செட். அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட மனமில்லாமல், பின்னொரு நாள் ரிச்சி தெருப் பக்கம் போகையில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். திறந்தவுடனே விரல் வைத்துக் காட்டினார். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இரண்டு கண்டென்சர், தலை உப்பி, பூரிபோல.

"சூட்டுல காஞ்சுபோச்சு சார். ஒம்பது வருஷம் தாங்கினதே பெரிசு."

மாறுதிசை மின்சாரத்தை நேராக்கும்போது அதில் மிஞ்சும் அலையைச் சமன் செய்வது அந்தக் கண்டென்சர்களின் வேலை. அவை காய்ந்துவிட்டால் அந்த அலை 100 ஹெர்ட்ஸ் முனகலாக ஸ்பீக்கருக்குள் நுழைந்துவிடும். சூடு 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் போடும் கணக்கு. அவர் ஈயம் வைத்துப் புதிதாக இரண்டைப் பொருத்தினார். வால்யூம் குமிழுக்குள் மருந்தடித்துத் தூசி எடுத்தார். இருபது நிமிட வேலை.

"இதை முன்னாடியே கொண்டாந்திருந்தா புதுசே வாங்கியிருக்க வேணாமே சார்" என்றார்.

கூலியும் சாமானும் சேர்த்து 180 ரூபாய். அந்தப் பழைய மூன்று பெட்டி செட் இப்போது எங்கள் ஹாலில் டி.வி.க்குப் பாடுகிறது. உங்கள் வீட்டுச் செட்டும் முனகிக்கொண்டிருந்தால், புதிது வாங்கக் கடைக்குப் போகும்போது அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.